ஒதிலோன் அண்ணாச்சி அனுமதி கேட்ட கதை

தூத்துக்குடித் துறைமுகத்தில் எஞ்சின் பழுதாகி ஒரு சரக்குக் கப்பல் ஏழு வாரமாக நின்றுகொண்டிருந்தது. அதில் சமையல்காரர் ஒதிலோன். பிரேசில்காரர், வயது ஐம்பத்தாறு, தாய்மொழி போர்ச்சுகீசியம். ஒப்பந்தப்படி அவர் நாலு மாதத்துக்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கேப்டன் விடவில்லை. நன்றாகச் சமைக்கிறவனை எந்தக் கேப்டன் விடுவான்?

ஊரில் அவர் மகளுக்குக் கல்யாணம். அப்பா கையைப் பிடித்துக்கொண்டுதான் கோயிலுக்குள் நடப்பேன் என்று பிடிவாதமாக இருந்து, ஏற்கெனவே இரண்டு முறை தேதியைத் தள்ளிவைத்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டில் முணுமுணுப்பு ஆரம்பித்திருந்தது. மூன்றாம் தடவையும் தள்ளினால் அந்தச் சம்பந்தம் நிலைக்காது.

தான் கேட்கிற விதத்தில்தான் கோளாறு என்று ஒதிலோன் முடிவுகட்டினார். கப்பலில் பொதுப்பேச்சு இங்கிலீஷ். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷோ உப்பு, முட்டை, அடுப்பு, சீக்கிரம் என்ற அளவில்தான். அதை வைத்துக்கொண்டு போய் நின்றால் யார் அனுமதி தருவார்கள்?

ஒரு மத்தியானம், பேக்கரி மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தும் ஸ்தெல்லா மோத்தாவிடம் போய் நின்றார். மிஸ்ஸுக்கு வயது முப்பத்தொன்று. கதவில் மோத்தா என்ற பெயரைப் பார்த்ததும் ஒதிலோனுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் ஊரில் தெருவுக்கு நாலு மோத்தா. அட, நம்ம பிள்ளை என்று போர்ச்சுகீசியத்தில் மடை திறந்தமாதிரி கொட்டித் தீர்த்தார்.

மிஸ் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"அண்ணாச்சி, போர்ச்சுகல்காரங்க ஐநூறு வருஷத்துக்கு முன்னாடி வந்து எங்களுக்குப் பேரை மட்டும் குடுத்தாங்க. பாஷையைக் கையோட எடுத்துட்டுப் போயிட்டாங்க."

அப்புறம் இருவரும் பேசியதெல்லாம் உடைந்த இங்கிலீஷ். அந்தப் பாடு நமக்கு எதற்கு, தமிழிலேயே கேட்போம்.

"என்ன கத்துக்கணும்?"

"கேட்கக் கத்துக்கணும், மிஸ். மறுக்கவே முடியாதபடி கேட்கணும்."

மிஸ் போர்டில் மூன்று சொல் எழுதினார். கேன் (can), மே (may), குட் (could).

ஒதிலோன் உற்றுப் பார்த்தார். "எங்க பாஷையில இது மூணுக்கும் ஒரே சொல்லுதான். போதேர். எனக்கு முடியும்னாலும் போதேர், நீங்க விடுவீங்களான்னாலும் போதேர். இங்கிலீஷ்காரன் எதுக்கு இதை மூணாக் கிழிச்சு வச்சிருக்கான்?"

"மரியாதை கூடக் கூட சொல்லு மாறும்."

ஒதிலோன் முகம் மலர்ந்துவிட்டது. ஆக, இத்தனை நாளும் மரியாதைதான் பற்றவில்லை!

நாலு நாள் உருப்போட்டுவிட்டு, கேப்டனிடம் கேன் போட்டுக் கேட்டார். வந்து சொன்னார்.

"நான் ஊருக்குப் போக முடியுமான்னு கேட்டேன். முடியுமே, தாராளமா, அடுத்த துறைமுகத்துலன்னார்."

"அடுத்த துறைமுகத்துக்கு எப்போ போவீங்க?"

"அது எஞ்சினுக்குத்தான் வெளிச்சம்."

அடுத்த வாரம் மே போட்டுக் கேட்டுவிட்டு, கீழே பேக்கரியில் வாங்கிய ஒரு பொட்டலம் மக்ரூனோடு மாடியேறி வந்தார். வாயெல்லாம் பல்.

"போகலாமான்னு கேட்டேன், மிஸ். பார்க்கலாம்னுட்டார்!"

மிஸ் மக்ரூனைத் தொடவில்லை. "பார்க்கலாம்னா சொன்னார்?"

"ஆமா!"

"அண்ணாச்சி, எங்க ஊர்ல பார்க்கலாம்னா நடக்காதுன்னு கைக்குழந்தைக்கும் தெரியும்."

பாவம், மனிதருக்கு மக்ரூன் தொண்டையிலேயே நின்றுவிட்டது. தண்ணீர் குடித்துத் தேறினார்.

பிறகு குட், உட் (would) இரண்டையும் சேர்த்து, தங்களுக்குச் சிரமமில்லையென்றால், தங்கள் மனம் இடங்கொடுத்தால் என்று ஒரு முழு நீளத்துக்கு வாக்கியம் கட்டிக்கொண்டு போனார். அதில் மரியாதை வழிந்தது. ஊருக்குப் போவது மட்டும் கடைசி வரியில் இருந்தது. கேப்டன் பாதி கேட்பதற்குள் போன் வந்தது. "ரொம்ப நல்ல யோசனை. நாளைக்கு மீனே போடு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கடைசியில் மஸ்ட்.

"நான் போயே ஆகணும்னேன், மிஸ்."

"அவர்?"

"நீ சமைச்சே ஆகணும்னார்."

ஒதிலோன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கு. இதைவிடப் பெரிய சொல் ஏதாவது இருந்தா ஒளிக்காம குடுத்துருங்க, மிஸ்." அழுதேவிட்டார்.

மிஸ் போர்டைத் துடைத்தார். "ஞாயித்துக்கிழமை அக்கா மகளுக்கு ஞானஸ்நானம். விருந்துக்கு வாங்க."

"பாடம்?"

"சாப்பிட வாங்க, அண்ணாச்சி."

பந்தியில் மிஸ் பக்கத்திலேயே அவருக்கு இலை போட்டார்கள். பரிமாறியது மிஸ்ஸின் அத்தான் இஞ்ஞாசி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், இங்கிலீஷ் நன்றாகவே புரியும். ஆனால் கையில் கரண்டி வந்துவிட்டால் எந்தப் பாஷையும் காதில் ஏறாது. அவரிடம் அகப்பட்ட விருந்தாளி அரைவயிறாகத் தப்பியதாக அந்தத் தெருவில் சரித்திரமே கிடையாது.

முதல் தடவை ஆட்டுக்கறிக் குழம்பை ஒதிலோன் கண்ணை மூடிக்கொண்டு ரசித்தார். தொழில்காரர் அல்லவா? இரண்டாம் தடவையும் ரசித்தார். மூன்றாம் தடவை சோறு வந்தபோது, "என்னால முடியாது" என்றார்.

"முடியும், முடியும். கடல்ல உழைக்கிற உடம்பு!" சோறு விழுந்தது.

"இதுக்கு மேல சாப்பிடக் கூடாது. டாக்டர் சொல்லியிருக்கார்."

"டாக்டரா? அந்தா, எங்க டாக்டரே நாலாவது தடவை வாங்கிட்டாரு." குழம்பு விழுந்தது.

ஒதிலோன் கேப்டனுக்காகக் கட்டிய முழு நீள வாக்கியத்தையே எடுத்துவிட்டார். தங்களுக்குச் சிரமமில்லையென்றால், தங்கள் மனம் இடங்கொடுத்தால்...

"சிரமமா? நமக்குள்ள என்ன சிரமம்!" எலும்போடு இரண்டு துண்டு விழுந்தது.

"நிறுத்தியே ஆகணும்!" என்று கத்தினார் ஒதிலோன். பந்தியே திரும்பிப் பார்த்தது.

"சாப்பாட்டு மேல கோவப்படக் கூடாது" என்றார் இஞ்ஞாசி, அக்கறையாக. ஒதிலோன் இரண்டு கையையும் இலைமேல் விரித்து மறைத்தார். கைமேலேயே சோறு விழுந்தது.

பரிதாபமாக மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் கடைசி வாயை மென்று முடித்தார். இலையை மடித்தார். எழுந்து கைகழுவப் போய்விட்டார். இஞ்ஞாசி அந்த இடத்தைத் தாண்டி அடுத்த இலைக்கு நடந்தார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒதிலோன் கைமேல் இருந்த சோற்றைத் தட்டிவிட்டு, தன் இலையை மடித்தார்.

"ஐயையோ, பாயசம் இன்னும் வரலையே!" என்று இஞ்ஞாசி பதறினார். உண்மையாகவே மனம் நொந்துபோனார். ஆனாலும் என்ன செய்ய, ஊற்ற இடமில்லை.

குழாயடியில் ஒதிலோன் மிஸ்ஸைப் பிடித்தார். "மிஸ், நீங்க அவர்கிட்ட ஒண்ணுமே கேட்கலையே?"

"வயிறு என்னுது. நிறைஞ்சது எனக்குத் தெரியும். அவர்கிட்ட என்னத்தைக் கேட்க?"

ஒதிலோன் ஈரக்கையிலேயே விரல்விட்டு, ஒப்பந்தம் முடிந்து எத்தனை மாதம் ஆனது என்று எண்ண ஆரம்பித்தார்.

செவ்வாய்க்கிழமை நோட்டுப் புத்தகம் இல்லாமல் வகுப்புக்கு வந்தார்.

"நேத்து ஒப்பந்தத் தாளை எடுத்துட்டுப் போய்க் கேப்டன் மேசைமேல வச்சேன், மிஸ். என் நாள் முடிஞ்சு அஞ்சு மாசம் ஆச்சு. வியாழக்கிழமை வரைக்கும் சமைக்கிறேன். வெள்ளிக்கிழமை ஊருக்குப் போறேன். இதுல ஒரு நகல் துறைமுக ஆபீஸ்ல குடுத்தாச்சு. அவ்வளவுதான் சொன்னேன்."

"பயமா இல்லையா?"

"இல்லாம என்ன? மேசையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"பார்க்கலாம்னு சொல்ல வாயைத் திறந்தார். அப்படியே காத்துக்கிட்டு இருந்தார்."

"எதுக்கு?"

"நான் கேட்கிறதுக்கு!" ஒதிலோன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "நான்தான் ஒண்ணுமே கேட்கலையே, மிஸ். எதுக்குன்னு பதில் சொல்லுவார்? கடைசியில அவரே என்கிட்ட கேட்டார், வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குன்னு."

விமானச் சீட்டு நேற்று சாயங்காலமே வந்துவிட்டதாம். மகளுக்குப் போன் போட்டுச் சொன்னாராம். அந்தப் பக்கம் அவள் அழ, இந்தப் பக்கம் இவர் அழ, ஒரே அமர்க்களமாம். மிஸ்ஸுக்கும் கண் கலங்கிவிட்டது.

சிரித்து முடித்ததும் ஒதிலோன் முகம் சற்றுச் சுண்டியது.

"ஒரே ஒரு மனத்தாங்கல், மிஸ். சொல்லலாமில்லையா?"

"சொல்லுங்க."

"கேன், மே, குட், உட்னு ஒரு மாசம் என்னை ஓட ஓட விரட்டுனீங்க. இதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா?"

"கேட்கக் கத்துக்குடுங்கன்னுதானே வந்தீங்க, அண்ணாச்சி" என்றார் மிஸ். "போகக் கத்துக்குடுங்கன்னு வரலையே."