மேனேஜர் போட்ட போர்

சிவகாசி அச்சாபீஸ் ஒண்ணுல மேனேஜர் தனுஷ்கோடி புதுசா போர் போட்டாரு. வேண்டாத இடத்துல மை ஒட்டாம இருக்க ஆப்செட் மிஷினுக்கு ஊத்துற தண்ணியும் இனி அதுதான்னாரு. அன்னைக்கே அச்சடிச்ச காலண்டர்ல வெள்ளையா இருக்கவேண்டிய இடமெல்லாம் மை அப்பிருச்சு.

"இது பருப்பு வேகாத உப்புத் தண்ணி, சார். மிஷினுக்கு ஆகாது"ன்னாரு மிஷின்மேன் இருளப்பன்.

மேனேஜர் மை அப்புன அந்தக் காலண்டர் தாளைத் தூக்கி ஆட்டி, "ம்ஹும்! என் தண்ணி அமிர்தம்யா! உன் கைதான் சரியில்ல. சாயங்காலத்தோட வேலைய விட்டுக் கிளம்பு!"ன்னு கத்துனாரு.

"சரிங்க சார். உங்க கையில மை ஒட்டிருச்சே"ன்னு இருளப்பன் பணிவா சோப்பும் ஒரு வாளி போர்த்தண்ணியும் கொண்டாந்து வச்சாரு.

மேனேஜர் தேச்சாரு, தேச்சாரு, சோப்பே பாதியாப் போச்சு. நுரை மட்டும் வரல. அச்சாபீஸே வேடிக்கை பாக்குது.

"தண்ணி அமிர்தந்தான். அப்ப உங்க கையும் சரியில்ல போலயே சார்? சாயங்காலம் சேர்ந்தே கிளம்பிருவமா?"

மறுநாள் மிஷினுக்கு நல்ல தண்ணி லாரி வந்துச்சு. இருளப்பனும் வந்தாரு.