அந்தக் கையில என்ன இருக்கு?

"டீச்சர், இந்தக் கை எனக்கு வசப்பட மாட்டேங்கு."

உள்ள நுழையும்போதே அருமைநாயகத்துக்கு இதுதான் பேச்சு. வணக்கமும் கெடையாது, சாப்பிட்டியளாவும் கெடையாது.

தூத்துக்குடியில ஐஸ் பேக்டரிக்குப் பின்னால ஒரு தகர ஷெட்டு. அங்கன வச்சு வடிவு பலகையில ஒரு கிளி வரஞ்சிக்கிட்டு இருந்தா. நர்சரி பள்ளிக்கூடத்து வாசல்ல நிக்கப் போற கிளி. ஆள் ஒசரம். மூக்குக்கு அப்பத்தான் செவப்பு ஏத்த ஆரம்பிச்சிருந்தா.

டீச்சருக்கு முப்பது வயசு ஆவல. சிஷ்யருக்கு அம்பது தாண்டிட்டு.

காலமெல்லாம் நம்பர் பிளேட்டு எழுதி அலுத்துப்போயி, படம் கத்துக்க வந்த மனுசன். ஒரு ஆனைய வரையச் சொன்னாலும் நாலு பக்கமும் கோடு போட்டு, நடுவுல அடக்க ஒடுக்கமா ஒரு ஆனைய எழுதி வைப்பாரு.

அவ அவர அண்ணாச்சிம்பா. அவரு அவள டீச்சர்ம்பாரு. ஷெட்டுக்குள்ள மட்டும்.

"எந்தக் கை அண்ணாச்சி?"

போன நீட்டுனாரு.

"நம்ம இசக்கிராஜு புதுசா கல்யாண மண்டபம் கட்டியிருக்காருல்லா? மணமேடைக்குப் பின்னால செவரு முழுக்க ஒரு படம் வேணுமாம். எனக்குத்தான் குடுத்திருக்காரு. என் முத செவரு டீச்சர். மூலையில பேரு போட்டுக்கிடுங்கன்னும் சொல்லிட்டாரு."

பேருன்னு சொல்லிட்டு, ஸ்டூல இழுத்துப் போட்டு நிமுந்து உக்காந்தாரு. இத்தன வருசம் எழுதினதெல்லாம் அடுத்தவன் வண்டி நம்பருல்லா.

"என்ன படம் வேணும்னாரு?"

அவ்வளவுதான். அருமைநாயகம் வயித்தத் தள்ளுனாரு, நாடிய ஒசத்துனாரு, மூக்கால பேச ஆரம்பிச்சாரு. இசக்கிராஜே வந்து நின்னாலும் இந்த அளவுக்கு இசக்கிராஜா இருக்க மாட்டாரு.

"'அண்ணாச்சி, ஒலகத்துல எவன் மண்டபத்துலயும் இல்லாத படமா இருக்கணும். கோவில்பட்டியில ஒரு மண்டபத்துல இருக்குல்லா, அதே மாதிரி.'"

வடிவு சிரிச்சிட்டா. கிளி மூக்குல கோடு கொஞ்சம் ஆடிட்டு.

"'புத்தம் புதுசா இருக்கணும். ஆனா பாத்தா எங்கயோ பாத்த மாதிரி தோணணும்.' இது அடுத்த நாளு. 'மாப்பிள மூஞ்சி எங்க மச்சான் மாதிரி இருக்கட்டும். மச்சான்னு தெரியக் கூடாது.' இது அதுக்கடுத்த நாளு."

"கடைசில?"

"கடைசில அவரே இந்தப் படத்த அனுப்பிட்டாரு. 'இத அப்பிடியே கண்ண மூடிக்கிட்டு செவத்துல ஏத்திருங்க'ன்னாரு. கண்ண மூடிக்கிட்டு எப்பிடி டீச்சர் வரைய?"

பென்சில் படம். மேடையில மாலையோட ஒரு பொண்ணு. சுத்தி ஒரே கூட்டம். போட்டோ எடுக்காங்கன்னு எல்லாவனும் பல்லக் காட்டிக்கிட்டு நேரா பாக்கான். ஓரத்துல ஒருத்தர் மட்டும் நேரா பாக்கல. வேட்டி, புதுச் சட்ட, குனிஞ்ச தல. பொண்ணு காலயே பாத்துக்கிட்டு நிக்காரு. ஒரு கை கீழ தொங்குது. மணிக்கட்டோட படம் முடிஞ்சி போச்சு.

"பொண்ணோட அப்பன்னு நெனைக்கேன். கையில என்னத்தையோ வச்சிருக்காரு. என்னன்னு தெரியல. தாம்பாளத்தக் குடுத்துப் பாத்தேன், தோளு ஒத்துக்கிடல. பன்னீர்ச் செம்பு குடுத்தேன், கல்யாணத்துக்கு வந்த எடத்துல மனுசன் குளிக்கப் போற மாதிரி இருக்கு. குடையக் குடுத்தேன், பந்தியில சண்ட போட்டுட்டு ஊருக்குக் கெளம்புத மாதிரி இருக்கு."

"போனக் குடுக்க வேண்டியதான?"

"குடுத்தேனே. கடன்காரன் கூப்பிட்ட மாதிரி ஆயிட்டு மூஞ்சி."

வடிவு இப்ப சிரிக்கல.

"யாரு போட்ட படமாம்?"

"எவனோ."

"கேக்கலையா?"

"கேட்டு என்ன செய்ய? எவனோ ஒரு பய. பாதி கத்துக்கிட்டு ஓடியிருப்பான். கையக் கூட முழுசா முடிக்கத் தெரியல பாருங்க."

வடிவு பிரஷ்ஷத் தண்ணியில போட்டா. கிளிக்கு அர மூக்குதான் செவப்பு.

கீழ கெடந்த அட்டைய எடுத்தா. பென்சில எடுத்தா. போன் அவரு கையிலயே இருந்துச்சு. அவ அந்தப் பக்கம் திரும்பல.

தோளு வந்துச்சு. முழங்கை வந்துச்சு. மணிக்கட்டு வந்துச்சு. மடங்குன ரெண்டு வெரலு வந்துச்சு.

அந்த ரெண்டு வெரல்ல மாட்டிக்கிட்டு ஒரு சோடி செருப்பு வந்துச்சு. பொம்பளப் புள்ள போடுத செருப்பு. ஒண்ணுல வாரு அந்துபோயி ஊக்கு குத்தியிருந்துச்சு.

"செருப்பா!"

அருமைநாயகம் கெக்கெக்கேன்னு சிரிக்க ஆரம்பிச்சாரு. பாதியில நின்னு போச்சு.

தோளு சரியா இருந்துச்சு. குனிஞ்ச தல சரியா இருந்துச்சு. அவரு பொண்ணு காலப் பாக்குதது சரியா இருந்துச்சு.

"மண்டபத்துல செருப்பு களவு போயிரும்ல... மகளோடத கையிலயே புடிச்சிக்கிட்டு நிக்காரு. ஊரே போட்டோவுக்கு நிக்கி. இவரு செருப்போட நிக்காரு. டீச்சர்! எப்பிடி கண்டுபுடிச்சிய?"

"கண்டுபுடிக்கல."

"பின்ன?"

வடிவு அட்டைய அவரு மடியில வச்சா. அவரு அட்டையப் பாத்தாரு. போனப் பாத்தாரு. திரும்ப அட்டையப் பாத்தாரு.

"வரையும்போது நீங்க படத்தப் பாக்கவே இல்லையே டீச்சர்."

"இல்ல."

வடிவு பென்சில கீழ வச்சா.

"எங்க அக்கா கல்யாணத்துல எங்கப்பா நின்ன நிப்பு அது"ன்னா வடிவு. "ஒரு போட்டோவுலயும் அவரு கை சும்மா இல்ல. ஆடி மாசம் இசக்கிராஜு இங்கன வந்தாரு. நீங்க உக்காந்திருக்கியளே, அதே ஸ்டூலு. 'சும்மா மாதிரிக்கு ஒண்ணு போடுங்கம்மா, புடிச்சா பேசுவோம்'னாரு. போட்டேன். பொண்ணத் தள்ளி வைங்கன்னாரு, வச்சேன். கூட்டத்தக் கூட்டுங்கன்னாரு, கூட்டுனேன். போன்ல ஒரு போட்டோ எடுத்தாரு. வீட்ல கேட்டுட்டு சொல்லுதேன்னு போனாரு."

"அப்பொறம்?"

"இன்னும் கேட்டுக்கிட்டு இருக்காரு போல."

"அப்பம் இந்த... கை அந்து போனது?"

"'மங்கள காரியத்துல செருப்பாம்மா?'ன்னு அன்னைக்கே மூஞ்சியச் சுளிச்சாரு. செருப்புக்குக் கீழதான் என் பேரு இருந்துச்சு. போட்டோவுல ஒரே வெட்டுல ரெண்டும் போயிட்டு."

அருமைநாயகம் அட்டையோட ஸ்டூல விட்டு எந்திரிச்சாரு. ஏதோ முள்ளு குத்துன மாதிரி.

"அண்ணாச்சி, ரெண்டு வருசமா எங்கூட இருக்கிய. என் கோடு ஒங்களுக்குத் தெரியலையா?"

அவரு அட்டையிலயே கண்ண வச்சிருந்தாரு.

"செவரத்தான் பாத்தேன் டீச்சர். கோட்டப் பாக்கல."

பொறவு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். இப்பவே கேக்கேன், இந்த எடத்துலயே வச்சு கேக்கேன், நீங்க காதாலயே கேளுங்கன்னு போனப் போட்டாரு. டீச்சரும் கேக்கணும்னு ஸ்பீக்கர வேற அமுக்கிட்டாரு.

"அண்ணாச்சி!" மூக்கால வந்துச்சு சத்தம். "கை வந்துட்டா?"

"கையும் வந்துட்டு, கைக்குச் சொந்தமான ஆளும் வந்துட்டு. இது எங்க டீச்சர் போட்ட படம் வே!"

"டீச்சரா? எந்த டீச்சர்?"

"எனக்கு வரையக் கத்துக்குடுத்த டீச்சர்! ஐஸ் பேக்டரிக்குப் பின்னால இருக்காவளே, வடிவு!"

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு.

"அந்தப் புள்ளையா? என்ன அண்ணாச்சி, 'எவன்ட்டயும் கையக் கட்டி நின்னு கத்துக்கிட்டது கெடையாது, அம்புட்டும் எனக்குச் சொந்தமா வந்தது'ன்னு எங்கிட்ட அடிச்சிச் சொன்னிய?"

அருமைநாயகம் ஸ்பீக்கர அமத்தப் பாத்தாரு. பட்டன் எங்கன இருக்குன்னு வெரலுக்குத் தெரியல. தடவுதாரு, தடவுதாரு, இசக்கிராஜு சிரிப்பு இன்னும் சத்தமாத்தான் கேக்கு.

வடிவு அங்கனயேதான் நின்னா.

"அத விடும்! அந்தச் செவரு எனக்கு வேண்டாம். வேற ஆளப் பாத்துக்கிடும்."

"வேண்டாம்னா விடுங்க, எதுக்குக் கோவம்? படம் எங்கிட்டத்தான இருக்கு. செவத்துல ஏத்துததுக்கு ஆளா இல்ல?"

போன் கட்டாயிட்டு.

வடிவு தண்ணியில இருந்து பிரஷ்ஷ எடுத்து ஒதறுனா. துணியில தொடச்சா. கிளிக்கிட்டப் போனா. சொந்தமா வந்த சமாச்சாரத்தப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. ரெண்டு ஏச்சு ஏசியிருந்தாக் கூட அவருக்குத் தேவலைன்னு இருந்திருக்கும்.

அவரு அந்த அட்டையோட திரும்ப ஸ்டூல்ல உக்காந்தாரு. பொறவு தொண்டையச் செருமுனாரு. தோள நிமுத்துனாரு. மனுசனுக்கு மெல்ல மெல்ல ஒரு தெம்பு வந்துச்சு.

"போட்டும் டீச்சர். முத செவரும் போச்சு. பேரும் போச்சு. வீட்டுல போயி என்ன சொல்லப் போறேன்னு தெரியல. மண்டபத்துல என் பேரு வரப் போவுதுன்னு சம்பந்தார் வீடு வரைக்கும் சொல்லி வச்சிருக்கேன். ஆனா எனக்கு வருத்தம் இல்ல. ஒங்களுக்காவ விட்டுட்டேன்."

"எனக்காவவா?"

"பின்ன? நீங்க போட்ட படத்துல நான் கைய வைப்பனா?"

வடிவு திரும்பல. கிளி மூக்குல மிச்சப் பாதிக்கும் செவப்பு ஏறிக்கிட்டு இருந்துச்சு.

"எவனோ ஒரு பய போட்ட படமா இருந்தா, அண்ணாச்சி?"