கதவுக்கு அந்தப் பக்கம்

வேலாயுதம் தன் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தைக் கொடுத்தபோது, நஸீமா ஒரே ஒரு வரியைப் பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பித் தந்தார்.

வேலாயுதம் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியராக இருந்தவர். நாற்பத்தைந்து வயதில் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு, அறிவியல் வரலாற்றில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தார். நெறியாளரான நஸீமா அவரைவிட எட்டு வயது இளையவர். இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரை சார் என்பார்.

பெரியம்மை வராமலிருக்க அம்மை குத்துகிறவர்கள் ஊர் ஊராகப் போன காலத்தைப் பற்றிய ஆய்வு அது. ஒரு குழந்தையின் கையில் குத்துவார்கள். குத்திய இடம் கொப்புளமாகப் பொங்கியதும் அதிலிருந்து நீர் எடுத்து அடுத்த குழந்தையின் கையில் குத்துவார்கள். தாய்மார்கள் பிள்ளைகளை நெற்குதிருக்குள் ஒளித்து வைத்தார்கள். அந்த இடத்தில்தான் வேலாயுதம் எழுதியிருந்தார்: அறிவியல் வாசலில் வந்து நின்றது; அறியாமை கதவைச் சாத்திக்கொண்டது.

"இதுல என்ன தப்பு மேடம்?"

"தப்புன்னு சொல்லலை சார். படிக்கிறப்போ கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிற மாதிரியே தெரியலை."

"வரி நல்லாத்தானே இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு. அதான் யோசனையா இருக்கு."

வேலாயுதத்துக்கு இது பதிலாகப் படவில்லை. அத்தியாயத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுவாரம், ஒழுகும் கட்டடம் ஒன்றிலிருந்து பழைய சுகாதார அலுவலகக் காகிதக் கட்டுகள் துறைக்கு வந்து சேர்ந்தன. மதியம் வேலாயுதம் தனியாக உட்கார்ந்து அவற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு தாளில் சின்னப் பொட்டலம் ஒன்று குண்டூசியால் குத்தியிருந்தது. மருந்துக்கடையில் பொடி மடித்துக் கொடுப்பதுபோன்ற மடிப்பு. திறந்தார்.

பழுப்பு நிறத்தில் ஏதோ வலது மணிக்கட்டில் உதிர்ந்தது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவருக்குத் தும்மல் வந்தது.

அதன் பிறகுதான் தாளைப் படித்தார். குப்பு, பெண், இரண்டு வயது, இடது கைப் பொருக்கு.

அவ்வளவுதான் எழுதியிருந்தது. அம்மை குத்திய இடத்திலிருந்து எடுத்த பொருக்கா, அம்மை கண்ட உடம்பிலிருந்து எடுத்த பொருக்கா என்று இல்லை. இரண்டாவது என்றால் அது நோயேதான்.

வேலாயுதம் எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். நிறுத்திய பிறகும் அது கொஞ்ச நேரம் சுற்றியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் கூப்பிட்டதும் நஸீமா வந்து தாளைத் தொடாமல் குனிந்து படித்தார். கதவருகே நின்ற மாணவர்களை வெளியே போகச் சொன்னார். சுகாதாரத் துறையில் தெரிந்த ஒரு டாக்டரைப் போனில் கூப்பிட்டு, இருவருக்கும் கேட்கும்படி மேஜைமேல் வைத்தார்.

"நூறு வருஷத்துக்கு மேல ஆன பொருள்மா. அதுல உயிர் இருக்க வாய்ப்பில்லைன்னுதான் சொல்லணும். யாரும் தொடாம அறையைப் பூட்டி வைங்க, காலையில ஆள் அனுப்பறேன். அவரைச் சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லுங்க."

போன் அணைந்தது.

"சொல்லணும்னா என்ன மேடம்? இருக்குமா, இருக்காதா?"

"இத்தனை வருஷம் பிளஸ் டூவுக்குப் பாடம் நடத்தினவர் நீங்க. நீங்களே சொல்லுங்க சார்."

"இருக்காது."

"அப்புறம்?"

வேலாயுதம் போய்க் கை கழுவிவிட்டு வந்தார். மறுபடி போய்க் கழுவினார். மணிக்கட்டு சிவந்துபோனது. நஸீமா அந்த அறையைப் பூட்டி, தன் அறைக்கு அவரை அழைத்துப் போனார். அங்கேயும் வேலாயுதம் அந்தக் கையை உடம்பில் படாமல் தள்ளியே வைத்திருந்தார்.

"சட்டையில பட்டிருக்கும். மூக்குல போயிருக்கும். தும்மினேன் மேடம்."

"உங்களுக்குச் சின்ன வயசுல குத்தியிருப்பாங்களே."

"தழும்பு இருக்கு. பயம் எனக்காக இல்லை மேடம். வீட்டுல பாப்பா இருக்கா."

கல்யாணமாகிப் பதினாலு வருஷம் கழித்துப் பிறந்தவள். எட்டு மாதம் ஆகிறது. அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் வாசலுக்குத் தவழ்ந்து வந்துவிடுவாள். இதை அவர் துறையில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

"இப்போ எந்தக் குழந்தைக்கும் அந்தத் தழும்பு இல்லை சார். நோயே போயிடுச்சுன்னு குத்தறதை நிறுத்திட்டாங்க."

"தெரியும். நானே பரீட்சைக்குக் கேள்வி போட்டிருக்கேன்."

அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது.

"மேடம், உங்களுக்கு?"

"எனக்கும் இல்லை."

"அப்போ கிளம்புங்க. ஏன் இங்கேயே உட்கார்ந்திருக்கீங்க?"

நஸீமா எழுந்திருக்கவில்லை. நாற்காலியை மட்டும் ஜன்னல் பக்கம் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"இருக்கு. அதான் நகர்ந்து உட்கார்ந்தேன்."

வேலாயுதம் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

வெயில் இறங்கியது. வீட்டிலிருந்து அவர் மனைவி வாசுகி கூப்பிட்டாள். போனைக் காதில் வைக்கத் தயங்கி, மேஜைமேல் வைத்தே பேசினார்.

"ஏங்க, எங்க இருக்கீங்க? மீன் குழம்பு வெச்சிருக்கேன்."

"இன்னைக்கு வரலை. இங்கேயே தங்கறேன்."

"என்னாச்சு? வாத்தியாரம்மா முட்டி போட வெச்சுட்டாங்களா?"

"பழைய அம்மைப் பொருக்கு ஒண்ணு கையில கொட்டிடுச்சு வாசுகி."

போனில் அவளுக்குப் பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"அந்த நோய்தான் உலகத்துலயே இல்லையே. நீங்கதானே சொல்வீங்க?"

"ஆமா. இல்லை."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் ஆகாது, வீட்டுக்குப் போகலாம்னார்."

"அப்புறம் என்னங்க? வாங்க. உங்க குரலைக் கேட்டதும் இவ வாசலைப் பார்த்துட்டா பாருங்க."

"வாசுகி, சொல்றதைக் கேளு. அவளைத் தூக்கிட்டு உள் ரூமுக்குப் போ. கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கோ. எனக்கே மனசு மாறி வந்து நின்னாலும் நிப்பேன். நானே வந்து கூப்பிட்டாலும் திறக்காதே."

"என்னங்க பேசறீங்க?"

"போட்டுட்டியா?"

காலடிச் சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாள் விழும் சத்தம். குழந்தை அழத் தொடங்கியது.

"போட்டுட்டேன்," என்றாள் வாசுகி. இப்போது அவள் குரலும் மாறியிருந்தது.

அவர் போனை அணைத்தார். அறையில் வெளிச்சம் குறைந்துவிட்டது. இருவரும் விளக்கைப் போடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து வேலாயுதம் பைக்குள் கையை விட்டு அந்த அத்தியாயத்தை எடுத்தார். பென்சில் வட்டம் இருந்த பக்கத்தை இடது கையாலேயே புரட்டித் தேடினார்.

"இந்த வரியை அடிச்சிடட்டுமா மேடம்?"

"எதுக்கு அடிக்கணும்?"

"அந்தக் குப்புவோட அம்மாவும் தாழ்ப்பாள் போட்டிருப்பா."

"போட்டிருக்கலாம். குழந்தையைக் கொடுத்தும் இருக்கலாம். பொருக்கு இங்கே வந்து சேர்ந்திருக்கே."

வேலாயுதம் வெகுநேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்து தெரியாத அளவுக்கு இருட்டிவிட்டது.

"அவளோடது அறியாமைன்னா, இன்னைக்கு என்னோடது என்ன மேடம்? எனக்கு எல்லாம் தெரியுமே."

நஸீமா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்:

"எனக்குத் தெரியலை சார். இன்னும் நூறு வருஷம் கழிச்சு உங்களைப் பத்தியும் ஒருத்தர் ஆராய்ச்சி பண்ணுவார். பாப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும். அவரும் ஒரு நல்ல வரி எழுதுவார்."