உள்ளதை உள்ளபடி கூவிய கட்டியம்

மருதங்காவு மகாராஜா விசயரங்க பூபதிக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். எதைப் படித்தாலும் பாதிப் பாடத்திலேயே சட்டம் போட்டுவிடுவார்.

அந்த வருஷம் அவருக்கு இங்கிலீஷ் மேல் ஆசை வந்தது. கும்பினியார் பிளெட்ச்சர் துரையை அனுப்பிவைத்தார்கள். துரை சொல்வதைத் தமிழில் மாற்றிச் சொல்வது துபாஷி சொக்கப்பனின் வேலை. அன்றைய பாடம், இங்கிலீஷ் கவிகளின் அலங்காரங்கள்.

"ஒன்றை இன்னொன்று மாதிரி என்று சொன்னால் சிமிலி, மகாராஜா. இன்னொன்றாகவே ஆக்கிவிட்டால் மெட்டஃபர். அளவுக்கு மீறி ஊதிப் பெருக்கினால் ஹைபர்போலி."

"வீரனைச் சிங்கம்னு சொல்றாங்களே?"

"மெட்டஃபர்."

"அவனுக்கு வால் உண்டா?"

"கிடையாது, மகாராஜா."

"அப்போ அது பொய்தானே?"

துரை சிரித்தார். ஏன் பொய் இல்லை என்பதை நாளைக்கு விளக்குகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் துரைக்கு வயிற்றுப்போக்கு. மகாராஜாவுக்குக் காத்திருக்கும் வழக்கம் கிடையாது. சட்டம் வந்துவிட்டது. சபையில் உள்ளதை உள்ளபடிதான் பேசவேண்டும். இல்லாததை யார் பேசினாலும், அவர் யாராயிருந்தாலும், எல்லைக்கு அப்பால் போய்விட வேண்டியது.

முதலில் மாட்டியவர் கட்டியக்காரர் மாசிலாமணி. ராஜா சபைக்குள் வரும்போது முன்னால் நின்று பட்டங்களைக் கூவுகிறவர் அவர். பழக்கதோஷம், பாவம். "மூவுலகும் நடுங்கும் முழக்கத்தார்! காற்றை முந்தும் குதிரையார்! பராக்! பராக்!" என்று கூவிவிட்டார்.

திவான் அப்பாசாமி இதற்காகத்தான் காத்திருந்தார். அந்த வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கிக் கொடுப்பதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தார்.

"ஹைபர்போலி ரெண்டு, மகாராஜா," என்றார். "நம்ம குதிரை எந்தக் காத்தை முந்திச்சு?"

மாசிலாமணி மகாராஜாவைப் பார்த்துக் கும்பிட்டார். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். அரண்மனை உத்தியோகத்தைப் பார்த்துத்தான் சம்பந்தி வீட்டார் சம்மதித்திருந்தார்கள். சொக்கப்பனால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அந்தப் பாடத்தைத் தமிழில் சொன்னது அவன் வாய்தானே!

"மகாராஜா, எல்லாருக்கும் சட்டம் புதுசு," என்று முன்னால் வந்தான். "நாளைக்கு வேங்கைமலை ராஜா தன் பெண்ணை நம்ம இளவரசருக்குக் கொடுக்கிறதா வேணாமான்னு பார்த்துட்டுப் போக வர்றார். அவர் முன்னாலே மாசிலாமணி சட்டப்படி கூவட்டும். ஒரு சொல் பிசகினா, அவரோட நானும் எல்லை தாண்டறேன்."

"நல்லது," என்றார் மகாராஜா. இதில் கெடுதல் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அவர் பாதிப் பாடத்தில் சட்டம் போட்டிருக்க மாட்டார்.

வெளியே வந்ததும் மாசிலாமணி சொக்கப்பன் கையைப் பிடித்துக்கொண்டார். "உள்ளதைச் சொன்னா மகாராஜா என்னைத் தொலைச்சுடுவாரே தம்பி!"

"சொல்லாட்டிதான் தொலைப்பார், அண்ணே. சட்டம் உங்க பக்கம். தொண்டையை மட்டும் சரிபண்ணி வச்சுக்குங்க."

மறுநாள் சபை நிறைந்திருந்தது. வேங்கைமலை ராஜா ஆசனத்தில் அமர்ந்திருந்தார். மகாராஜா வாசலில் வந்து நின்றார். மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார்.

"பதினோரு ஊருக்கு ராஜா வருகிறார்! அதில் மூன்று ஊர் வழக்கில் இருக்கிறது! பராக்!"

வேங்கைமலை ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு முறை போருக்குப் புறப்பட்டவர்! மழை வந்ததால் திரும்பியவர்! பராக்!"

மகாராஜா வைத்த காலை எடுக்கவில்லை.

"வயதான குதிரை உடையவர்! அதில் ஏற இரண்டு ஆளும் ஒரு முக்காலியும் வேண்டியவர்! ஏறிய பிறகு இறங்கவும் அதே ஏற்பாடு வேண்டியவர்! பராக்! பராக்!"

"நிறுத்துய்யா!" என்று கத்தினார் மகாராஜா. "என் மானம் கப்பலேறுது!"

சொக்கப்பன் கைகட்டி முன்னால் வந்தான்.

"மன்னிக்கணும், மகாராஜா. எந்தக் கப்பல்?"

"என்னது?"

"கடல் இங்கேருந்து மூணு நாள் நடை. மானம் கப்பல்ல ஏறினதைப் பார்த்த சாட்சி உண்டா? திவான் அவர்களுக்குத்தான் இதெல்லாம் அத்துப்படி. அவரே சொல்லட்டும். இது உள்ளதா, இல்லாததா?"

திவான் மேலே விதானத்தைப் பார்த்தார். உதவி ஒன்றும் கிடைக்கவில்லை. "மெட்டஃபர்," என்று முனகினார்.

"யாராயிருந்தாலும்னு சட்டத்துல இருக்கு," என்றான் சொக்கப்பன், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். "எல்லை வரைக்கும் பல்லக்குச் சொல்லட்டுமா, மகாராஜா? இல்லை நடந்தே போறீங்களா?"

முதலில் சிரித்தவர் வேங்கைமலை ராஜா. "சம்பந்தம் பேசப் போன எந்த இடத்திலும் இவ்வளவு உண்மையை நான் கேட்டதில்லை, பூபதி. பெண் தருகிறேன். என் ஊர்க் கட்டியத்தை மட்டும் இப்படி மாற்றச் சொல்லிவிடாதீர்கள்!"

மகாராஜாவுக்கு உயிர் வந்தது. அவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"மாசிலாமணி, உன் வேலை உனக்கே! உன் மகள் கல்யாணத்தை ஊரே மூக்கில விரல் வைக்கிற மாதிரி நானே நடத்திவைக்கிறேன்! யாரங்கே, அந்தச் சட்டத்தைக் கிழிச்சுப் போடுங்க!"

"ஒரு விண்ணப்பம்," என்றான் சொக்கப்பன். "மகாராஜா முதல்ல கல்யாணத்தைச் சொன்னீங்க. அப்புறம்தான் சட்டத்தைக் கிழிக்கச் சொன்னீங்க. சொன்னப்போ சட்டம் அமல்ல இருந்தது."

மகாராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதனால?"

"அது உள்ளபடியே நடக்கணும்."

"நடக்கட்டும்! பொறுப்பு திவானுக்கு!"

ஆவணியில் கல்யாணம் அமர்க்களமாக நடந்தது. தாலி ஏறும் நேரத்தில் பந்தலில் இருந்த அத்தனை பேரும் மூக்கில் விரல் வைத்து நின்றார்கள். எடுத்தவர்களை மறுபடி வைக்கச் சொல்லி, திவான் பந்தலைச் சுற்றிச் சுற்றி வந்தார், தன் விரலை மூக்கிலிருந்து எடுக்காமலே.