அறுந்த கம்பிக்கு நடந்த விசாரணை

மலையடிவாரத்தில் யாரோ விட்டுவிட்டுப் போன தோட்டம் ஒன்றில் ஒரு கழுதையும் ஒரு முயலும் ஒரு மந்தியும் சேர்ந்து சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டிருந்தன. சுற்றிலும் கல்தூண் நட்ட கம்பி வேலி. கோடை முழுக்க மூன்றுக்கும் அந்தக் கிழங்குதான் சாப்பாடு.

ஒரு நாள் காலையில் பார்த்தால், வடக்கு மூலையில் வேலிக் கம்பி அறுந்து தொங்கியது.

“இரண்டு முனையையும் இழுத்து முறுக்கினால் தீர்ந்தது! கழுதையண்ணே, வந்து பிடியுங்கள்!” என்றது மந்தி.

“இரு, இரு! அறுத்தது யார் என்று தெரிய வேண்டாமா?” என்றது முயல். சொல்லிக்கொண்டே ஓரக்கண்ணால் கழுதையைப் பார்த்தது.

கழுதைக்குச் சுருக்கென்றது. அரிப்பெடுத்தால் அந்தக் கம்பியில் விலாவைத் தேய்க்கிற பழக்கம் அதற்கு உண்டு.

“என் மேலா பழி? விசாரி! நன்றாக விசாரி! என் பெயர் சுத்தமாகிற வரைக்கும் நான் கம்பியைத் தொட மாட்டேன்!” என்று கத்தியது.

அந்தப் பக்கமாகப் போன காட்டுப்பன்றி காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. அறுந்த இடம் வழியாக உள்ளே வந்தது.

“விசாரணையா? ரொம்பச் சரி! நான் வெளியாள். நானே நடுவராக இருக்கிறேன். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். அந்தக் கம்பியை யாரும் தொடக் கூடாது! அதுதான் தடயம்!”

‘ஆகா, என்ன விவரம்!’ என்று கழுதைக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

விசாரணை தொடங்கியது. எந்த நாளில் எந்தத் தூணருகே நின்றாய் என்று முயல் கேட்டது. தன் தாத்தா காலத்திலிருந்து குடும்பம் எடுத்த நல்ல பெயரையெல்லாம் கழுதை எடுத்துச் சொன்னது. “அவசரமே இல்லை, விவரமாகச் சொல்லுங்கள்” என்றது பன்றி. அன்றைய பொழுது போயிற்று.

மறுநாள் காலையில் இரண்டு பாத்திக் கிழங்கைக் காணோம்!

“இது வேறு வழக்கு! முதல் வழக்கு முடியாமல் இதைத் தொடுவது முறையில்லை!” என்றது பன்றி. அதன் மூக்கில் ஈரமண் அப்பியிருந்தது. பேசி முடித்துப் பெரிய ஏப்பம் ஒன்று விட்டது.

“பாவம், நடுவருக்கு வயிறு சரியில்லை போலிருக்கிறது” என்றது கழுதை.

மந்தி தலையில் அடித்துக்கொண்டது.

நான்காம் நாள் மிஞ்சியது மூன்றே பாத்தி. “சாட்சியத்தை முதலிலிருந்து ஒரு தடவை கேட்டுவிடலாம்” என்று சொல்லிவிட்டு, பன்றி மத்தியானத் தூக்கத்துக்குக் காட்டுக்குள் போனது. காலிப் பாத்தி நடுவே கழுதை நின்றது. வயிறு கூவியது. கோடை இன்னும் பாதிகூடக் கழியவில்லை. பெயர் சுத்தமானால் அதைத் தின்ன முடியுமா?

விறுவிறுவென்று வேலிக்கு நடந்தது.

“நான்தான் அறுத்தேன்! அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்! மந்தி, நீ கட்டு!”

“அப்படியானால் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?” என்று துள்ளியது முயல்.

“ஒப்புக்கொண்டேன், போதுமா? வா, வந்து அந்த முனையை மிதித்துக்கொள்!”

மந்தி கம்பி முனையைக் கையில் எடுத்தது. விரலெல்லாம் செம்பொடி ஒட்டியது.

“அட! இது துருப்பிடித்துத் தானாக இற்றுப் போயிருக்கிறது! யாருமே அறுக்கவில்லை!”

“முதல் நாளே பார்த்திருக்கலாமே!” என்றது முயல்.

“தொடக் கூடாது என்று சொன்னது யார்?” என்றது மந்தி.

மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. துருப்பிடித்த துண்டை மந்தி ஒடித்து எறிந்தது. கழுதை கம்பியைப் பல்லால் கடித்து இழுத்தது. நல்ல முனைகளைக் கொக்கிபோல் வளைத்து, ஒன்றில் ஒன்றை மாட்டி, மீதியைச் சுற்றிச் சுற்றி இறுக்கியது மந்தி.

சாயங்காலம் பன்றி வழக்கமான வேகத்தில் ஓடி வந்தது. டொய்ங்! கம்பியில் மோதி மல்லாந்து விழுந்தது.

“தடயத்தைத் தொட்டது யார்? விசாரணை இன்னும் முடியவில்லை!” என்று அலறியது.

“அதற்கென்ன, நடுவரே!” என்றது கழுதை. “அந்தப் பக்கமே உட்கார்ந்து நடத்துங்கள். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டே கேட்கிறோம்!”

வேலி அறுந்தால் முதலில் அதைக் கட்ட வேண்டும். அறுத்தவர் யார் என்பதை அப்புறம் தேடலாம்.