விழாத ராஜாவுக்கு ஓர் அங்கவடி

கருங்குன்றத்து ராஜா ரங்கதிம்மர் குதிரையிலிருந்து விழுந்தார். ஊரே பார்த்தது. ஆனால் அரண்மனைக்குள் அதை வாய்விட்டுச் சொல்ல ஓர் ஆளுக்கும் தைரியமில்லை.

விழுந்ததாவது போகட்டும். இடது கால் அங்கவடியில் மாட்டிக்கொண்டது. சேணத்திலிருந்து தொங்கும் அந்த இரும்பு வளையத்துக்குள் பாதத்தை நுழைத்தவருக்கு வெளியே எடுக்க வழியில்லை. குதிரையோ நிற்பதாக இல்லை. ராஜா மல்லாந்தபடியே அணிவகுப்பு மைதானத்தை ஒன்றரைச் சுற்று வந்தார். வணக்கம் வைப்பதா, ஓடிப்போய்ப் பிடிப்பதா என்று தெரியாத சிப்பாய்கள் வணக்கம் வைத்துக்கொண்டே ஓடினார்கள்.

மறுநாள் சபையில், "மன்னர் மண்மகளைத் தழுவினார்" என்று கவிராயர் பாடினார். முதுகெல்லாம் மூலிகைப் பற்றோடு ராஜா அதைக் கேட்டார். பிறகு கட்டளையிட்டார்.

"எனக்குப் புது அங்கவடி வேண்டும். சவாரியின்போது அது காலை விடக் கூடாது. அந்த மாதிரி சமயத்தில் காலைப் பிடிக்கவும் கூடாது. பத்து நாள் தவணை."

"எந்த மாதிரி சமயத்தில், மகாராஜா?" என்று கேட்டான் வைரவநாதன். சபையைச் சிரிக்க வைப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன் அவன்.

எல்லோரும் விதானத்தைப் பார்த்தார்கள்.

"அந்த மாதிரி சமயத்தில்!" என்று உறுமினார் ராஜா.

வைரவநாதன் கேலிக்காரன்தான். ஆனாலும் அன்றைக்கு அவனும் குதிரைக்குப் பின்னால் ஓடியவன். ராஜாவின் தலை ஒரு கருங்கல்லை ஒரு சாண் இடைவெளியில் தாண்டிப் போனதைக் கண்ணால் பார்த்தவன். அதற்கப்புறம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

சபை கலைந்ததும் நேரே லாயத்துக்குப் போனான். சேணம் தைக்கும் காதர் மீராவைப் பிடித்தான். இருவரும் ஒரு தவிட்டு மூட்டைக்குச் செருப்பு மாட்டிக் குதிரைமேல் ஏற்றினார்கள். தள்ளிவிட்டார்கள். மூட்டை இழுபட்டது. மறுபடி ஏற்றினார்கள், மறுபடி தள்ளினார்கள். பதினோராவது தடவைதான் வழி கிடைத்தது. வளையத்தின் வெளிப்பக்க இரும்பை அறுத்து எடுத்துவிட்டு, அங்கே ஒரு தோல் வாரைப் பொத்தானில் மாட்டினார்கள். கீழ்நோக்கி மிதித்தால் வார் அசையாது. கால் பக்கவாட்டில் இழுபட்டால் பொத்தானிலிருந்து கழன்றுவிடும்.

பத்தாம் நாள் சபை அணிவகுப்பு மைதானத்திலேயே கூடியது. முதலில் தளவாய் பூதலிங்கம் வந்தார். படைக்கெல்லாம் தலைவர். தன் மீசையைத் தேங்காய் நார் என்று வைரவநாதன் சொன்ன நாள் முதலாக அவன் தலையை வாங்கக் காத்திருப்பவர். அவர் கொண்டுவந்தது சொக்கத் தங்கத்தில் செய்த அங்கவடி. பாதுகை போல இருந்தது. மேலே பூட்டு வேறு.

"பூட்டிவிட்டால் பாதம் அசையாது, மகாராஜா!"

அடுத்து வைரவநாதன் தன்னுடையதை நீட்டினான். தோல் வாரை இழுத்துக் காட்டினான். படக்கென்று கழன்றது.

"பார்த்தீர்களா!" என்று தளவாய் குதித்தார். "மகாராஜா விழுவார் என்று சொல்கிறான்! இது ராஜதுரோகம்! தலையை எடுக்க வேண்டும்!"

வைரவநாதனின் வாய் வழக்கம்போல வேலை செய்தது.

"ஐயையோ! மகாராஜாவாவது, விழுவதாவது! அன்றைக்கு ஓடியது யார்? குதிரை. உத்தரவில்லாமல் அணிவகுப்பை விட்டு ஓடினால் அதற்குப் பெயர் என்ன, தளவாய் அவர்களே?"

"துரோகம்" என்றார் தளவாய், யோசிக்காமல்.

"அந்தத் துரோகி மகாராஜாவைக் கடத்திக்கொண்டு போகப் பார்த்தது. அதற்குத் துணை போனது யார்? அங்கவடி. என்னுடையது துரோகியைத் தனியாக ஓட விட்டுவிடும். தளவாய் கொண்டுவந்ததோ, மகாராஜாவைப் பூட்டியே அனுப்பிவைக்கும்!"

ராஜாவின் உதடு துடித்தது. சிரிப்பை அடக்கினார்.

"பேச்சு போதும். பூதலிங்கம், உன் அங்கவடியைப் பூட்டிக்கொண்டு ஏறு. குதிரை ஓடும்போது கீழே வந்து காட்டு."

தளவாயின் முகம் வெளுத்தது. "மகாராஜா... கால் மாட்டிக்கொண்டால்?"

"அதைத்தானய்யா நானும் பத்து நாளாகக் கேட்கிறேன்!"

பிறகு ராஜா வைரவநாதன் பக்கம் திரும்பினார். "நீ ஏறு."

அவன் பிறந்ததிலிருந்து குதிரை ஏறியதே இல்லை. இரண்டு பேர் தூக்கி உட்கார வைத்தார்கள். அன்றைக்கு ராஜாவைத் தள்ளிய அதே குதிரை, இப்போது புது அங்கவடியோடு. அதைத் தட்டிவிடக்கூட வேண்டியிருக்கவில்லை. நாலு பாய்ச்சல் பாய்ந்தது. வைரவநாதன் ஒரு பக்கமாகச் சரிந்தான். படக்கென்று வார் கழன்றது. குதிரை தன் வழியே போனது. இவன் சேற்றில் உட்கார்ந்திருந்தான்.

ராஜா எழுந்து ஓடிவந்தார். "விழுந்தாயா?"

"விழுந்தேன், மகாராஜா. தாராளமாக விழுந்தேன். காலும் மரியாதையாக என்னோடு வந்துவிட்டது."

ராஜாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. முதுகு வலிக்க வலிக்கச் சிரித்தார். "அன்றைக்கு நானும் விழுந்தேனடா! மூட்டை மாதிரி விழுந்தேன்!" என்று கத்தினார். சபையே வெடித்துச் சிரித்தது. உடனே புதுப்பாட்டு ஒன்றை ஆரம்பித்த கவிராயரை ராஜா ஒரே பார்வையில் உட்கார வைத்தார்.

"இனி என் லாயத்தில் எல்லாக் குதிரைக்கும் இதே அங்கவடிதான். காதர் மீராவுக்குப் பட்டும் பொற்கிழியும். வைரவநாதா, அந்தக் குதிரையையே உனக்குப் பரிசாகத் தருகிறேன். சேணம், அங்கவடி எல்லாவற்றோடும் எடுத்துக்கொள்!"

இடுப்பைப் பிடித்தபடி வைரவநாதன் கும்பிட்டான்.

"குதிரை தங்களிடமே இருக்கட்டும், மகாராஜா. அங்கவடியை மட்டும் கொடுங்கள். வீட்டுச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிடுகிறேன். அதைவிடப் பத்திரமான அங்கவடி இந்த உலகத்திலேயே கிடையாது!"