ஏரியைக் குடிக்க வந்த பூதம்

ஒரு ஊர்ல ஒரே ஒரு ஏரிதான் இருந்துச்சு. குடிக்க, குளிக்க, நெல்லுக்குப் பாய்ச்ச, எல்லாத்துக்கும் அந்தத் தண்ணிதான். ஏரிக்கரையில பூவாயின்னு ஒருத்தி குடிசை போட்டிருந்தா. ம் சொல்லு கண்ணு. ம்.

ஒரு நா சாயங்காலம் தொம்... தொம்...னு பூமி அதிருது. எட்டிப் பாத்தா, அம்மாடி! பனைமரம் அதுக்கு முழங்கால் உசரம்தான், அவ்ளோ பெரிய பூதம்! வர்ற வழியில, சந்தைக்குப் போன மிளகாய் மூட்டையை வண்டியோட முழுங்கிடுச்சாம். நல்லவேளை, மாடும் வண்டிக்காரனும் தப்பிச்சாங்க. "வயிறு எரியுதே, எரியுதே"ன்னு அலறிக்கிட்டே வந்து ஏரியில வாயை வெச்சுது. மடக்... படித்துறை மொத்தமும் வெளிய தெரிஞ்சுது. மடக்... அடிச்சேறு தெரிஞ்சு மீனெல்லாம் துள்ளுது. அப்புறம் மூணாவது மடக்குக்குக் குனியுது. அதையும் குடிச்சா ஊருக்குச் சொட்டுத் தண்ணி கிடையாது. எல்லாரும் அலறி அடிச்சுக்கிட்டு ஓடுறாங்க.

பூவாயி ஓடலை. கரை மேல நின்னு கத்தினா: "ஏய், நில்லு! மிளகா எரிச்சல் தண்ணிக்கு அடங்குமா? வயித்துப் புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரைதான்!"

"சீக்கிரம் கொண்டா, தாங்க முடியலை"ன்னுது பூதம்.

அப்போ அவ கரையில மண்டிக் கிடந்த கீரையை மடி நிறையக் கிள்ளி, வேகவெச்சு, தேங்காப்பால் ஊத்தி எறக்கினா. பொழுது வேற சாயுது, இருட்டினப்புறம் கீரை சாப்பிட்டா செரிக்காதே! பூதம் தலையைக் கரையில வெச்சு வாயைத் தொறந்துச்சு, சட்டியும் கையுமா பூவாயி அதோட நாக்கு மேலயே ஏறிட்டா. தொண்டைக்குள்ள பாத்தா செங்கல் சூளை மாதிரி தகதகன்னு இருக்கு.

ஒரு கரண்டி ஊத்தினா, சொய்ய்ய்ங்! ரெண்டாவது கரண்டி, சொய்ங். மூணாவது கரண்டிக்குச் சத்தமே இல்லை.

அப்புறம் வயித்துக்குள்ள கடகடகடன்னு உருண்டு, ஏஏஏவ்வ்வ்! ஏப்பம்னா ஏப்பம், அப்படி ஒரு ஏப்பம்! பூவாயி பறந்து போயி சேத்துல சொத்துன்னு விழுந்தா. ஏப்பம் மேல போச்சு, இன்னும் மேல போச்சு, வானம் பூரா கருகருன்னு மேகமா நின்னுச்சு. அது குடிச்ச தண்ணி அத்தனையும் சடசடசடன்னு மழையாக் கொட்டுது! ஏரி நிரம்பித் தளும்புது. தெனம் மிதிச்சுக்கிட்டுப் போற கீரைக்கா இவ்ளோ சக்தின்னு பூவாயிக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு.

பூதம் மழையில நனைஞ்சுக்கிட்டே கரையில தலை சாய்ச்சுது. "அம்மா, இப்ப வலிக்கலைம்மா"ன்னுச்சு, அப்படியே கண்ணு சொக்கிடுச்சு.

அந்தப் பூதமே தூங்கிடுச்சாம். கதையும் போர்வைக்குள்ள போயிடுச்சு. நீயும் கண்ணை மூடு.